ஒரே ஒரு தடவை கேட்கும் ஊர்

நான் ஜெர்மனிக்குப் போனது பம்ப் விஷயமாக. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி வாங்கப்போகும் இயந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பார்த்தேன், சொன்னேன். அதோடு ஊருக்குத் திரும்பியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. மீதமிருந்த மூன்று நாளை எர்லாங்கனில் இருக்கும் முகுந்தனோடு கழிக்கலாம் என்று போனேன். போன இடத்தில் பனி மூடிய மலை ஒன்றில் ஏறிப் பாதியில் இறங்கினேன். யார், யாருக்காக ஏறினோம் என்பது இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

முகுந்தனும் நானும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. பத்து வருடமாக எர்லாங்கனில் எஞ்சினியராக இருக்கிறான். அதில் ஆறு வருடமாக கத்ரின் என்ற ஜெர்மானியப் பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறான். கோடையில் கல்யாணம். அதற்கு முன்னால் எர்லாங்கனைக் காலி செய்துவிட்டு, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் வீடு எடுக்கப் போகிறார்கள். வரும் திங்கட்கிழமை கையெழுத்து. "தினமும் மலை ஏறலாம்டா, சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்று போனில் சொன்னான். வேலையையும் விடப் போகிறானாம்.

இதைச் சொன்னவன் விடுதி மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர்ப் பக்கமே வராத ஆள். துணி காயப்போடக்கூட என்னைத்தான் அனுப்புவான். மனிதர்கள் மாறுவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் இவன் மனசோடுதான் போகிறானா என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

பிராங்பேர்ட்டில் ரயில் ஏறினேன். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி இன்னொரு பக்கமும் போகும் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த அம்மாள் என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்கள் தவறான ரயிலில் இருக்கிறீர்கள்" என்றார்.

"இதே ரயில்தானே, எண்கூட இதுதானே?"

"ஆமாம், இதே ரயில்தான். ஆனால் தவறான ரயில்."

விளக்கம் அவ்வளவுதான். அதற்குள் ரயில் பிரிந்துவிட்டது. அடுத்த நிலையம் வரை அந்த அம்மாளோடு போக வேண்டியதாயிற்று. அவர் ஒரு டப்பாவைத் திறந்து, நறுக்கிய ஆப்பிளை நீட்டி "எடுத்துக்கொள்கிறீர்களா?" என்றார். பசி வயிற்றைக் கிள்ளியது. "பரவாயில்லைங்க, வேண்டாம்" என்றேன். நம் ஊராக இருந்தால் "அட, சும்மா எடுங்க" என்று ஒரு துண்டு என் கைக்கு வந்திருக்கும். அந்த அம்மாள் தலையசைத்துவிட்டு முழு டப்பாவையும் நிதானமாக, என் கண் முன்னாலேயே சாப்பிட்டு முடித்தார்.

வேறு ரயில் பிடித்து எர்லாங்கன் போய்ச் சேர்ந்தேன். அன்று இரவு கத்ரின் பருப்பு சூப் வைத்திருந்தாள். பருப்பு நம்முடையது மாதிரியே இருந்தது, உப்புதான் இருக்குமிடம் தெரியவில்லை. ஒரு கிண்ணம் முடிந்ததும் "இன்னும் கொஞ்சம்?" என்றாள். "போதும், போதும்" என்றேன். பாத்திரம் அடுத்த நொடி உள்ளே போய்விட்டது. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகுந்தன் சிரித்தான். "இங்க ஒரே ஒரு தடவைதான்டா கேப்பாங்க. வேணும்னா முதல்லயே வேணும்னு சொல்லிரணும். எனக்கே பழக ரொம்ப நாள் ஆச்சு."

"இப்பப் பழகிருச்சா?"

"சூப்பரா பழகிருச்சு."

கத்ரின் பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்: "இந்த வீடு, மலை எல்லாம் உனக்குப் பிடிச்சுத்தான் செய்றியா?" "சூப்பரா இருக்கும்டா" என்றான். அவனிடம் எதைக் கேட்டாலும் சூப்பர்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சூப்பர் என்றேன்.

சனிக்கிழமை என்னையும் மலைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்காக மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்குப் பயிற்சி. உள்ளரங்கு ஒன்றில் செயற்கைச் சுவர். அதில் கயிறு கட்டிக்கொண்டு மாலை நேரத்தில் ஊரே ஏறிக்கொண்டிருந்தது. மலைக்கு எங்களோடு வரப்போகும் அன்ரன் அண்ணையை அங்கேதான் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில் பல வருடம் பஸ் ஓட்டிவிட்டு, மகள் எர்லாங்கனில் படிக்க வந்ததால் இங்கே மாறிவிட்டார். உட்கார்ந்தே இருந்த இடுப்புக்கு நல்லது என்று மகள் ஒருநாள் இங்கே கூட்டிவந்தாளாம். மகள் நின்றுவிட்டாள், இவர் நிற்கவில்லை.

"தம்பி, பயப்பிடாதேங்கோ. கயிறு இருக்குத்தானே. நான் பஸ் ஓடேக்கை எனக்கு ஆர் கயிறு பிடிச்சது?" என்றார்.

நாளை போகப்போவது வெறும் பாறையும் இல்லை, வெறும் பனியும் இல்லை, இரண்டும் கலந்தது என்று கத்ரின் விளக்கினாள். "பாறை இருக்கும். பாறைமேல் பனிக்கட்டி இருக்கும். நடுவில் உறைந்த புல்லும் இருக்கும், அதில் கோடாலி நன்றாகப் பிடிக்கும்."

"புல்லைப் பிடித்துக்கொண்டா தொங்க வேண்டும்?"

"உறைந்த புல்" என்று திருத்தினாள். அதில் எனக்குக் கிடைக்க வேண்டிய ஆறுதல் என்ன என்று தெரியவில்லை. நானும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூங்கில் கம்போடு ஏறியவன்தான். அங்கே மேலே சாமி இருக்கிறார், வழியில் சுக்குக் காபி இருக்கிறது. இந்த மலையின் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை. உச்சிவரை நாம் போகவும் மாட்டோம். பாறை முடிகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு வழி இருக்கிறது, இறங்கிவிடுவோம்" என்றாள் சந்தோஷமாக.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். கத்ரின்தான் வண்டி ஓட்டினாள். முகுந்தன் முன் சீட்டில் வாயே திறக்காமல் இருந்தான்; தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அன்ரன் அண்ணை வாழையிலை இல்லாத குறைக்கு அலுமினியத் தாளில் மடித்த ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்திருந்தார். ஆல்ப்ஸில் ஆல்கொய் என்ற பகுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. மலையைப் பார்த்தேன். கறுப்புப் பாறையில் வெள்ளையைத் தாறுமாறாகப் பூசிவிட்டுப் பாதியில் நிறுத்திய சுவர் போலிருந்தது. இதில் ஏற ஆசைப்பட்டு மனிதர்கள் காலையில் எழுந்து வருகிறார்கள்.

அடிவாரத்தில் ஒரு வயதான தம்பதி பனிச்சறுக்கில் இறங்கி வந்தார்கள். அந்தக் கிழவர் எங்கள் கயிற்றைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். "என்னண்ணே சொல்றார்?" என்றேன்.

"இண்டைக்கு ஐஸ் அவ்வளவு நல்லா இல்லையாம். கவனமாம்" என்றார் அன்ரன் அண்ணை. "பிறகு, நல்லா அனுபவியுங்கோ எண்டும் சொல்லுறார்."

இரண்டையும் அவர் ஒரே முகத்தோடுதான் சொன்னார். எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

காலணிக்குக் கீழே இரும்புப் பற்களை மாட்டினார்கள். இரண்டு கைக்கும் இரண்டு பனிக்கோடாலி. இடுப்பில் பட்டை, தலையில் ஹெல்மெட். கத்ரினும் நானும் ஒரு கயிறு. முகுந்தனும் அன்ரன் அண்ணையும் ஒரு கயிறு. கத்ரின் முன்னால் ஏறுவாள், பாறை வெடிப்பில் கொக்கிகளைச் செருகுவாள், ஒரு திட்டில் நின்று கயிற்றை இழுத்துப் பிடிப்பாள். பிறகு நான் போக வேண்டும்.

முதல் பகுதி போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. கோடாலியின் நுனியைப் பாறையின் சிறு விளிம்பில் மாட்டி, அதை நம்பி என் எண்பது கிலோவையும் தூக்க வேண்டியிருந்தது. இரும்புப் பல் பாறையில் உரசும் சத்தத்தில் என் பல் கூசியது. கத்ரின் மேலிருந்து "அருமை! அருமை!" என்று கத்தினாள். என்ன அருமையாகச் செய்தேன் என்று தெரிந்திருந்தால் மறுபடி செய்திருப்பேன்.

கொஞ்சம் அகலமான திட்டில் நால்வரும் சேர்ந்தோம். கத்ரின் ஃபிளாஸ்கைத் திறந்து "டீ?" என்றாள். "பரவாயில்லை" என்றேன். மூடிவிட்டாள். "கை குளிர்கிறதா? என்னிடம் தடிமனான கையுறை ஒரு ஜோடி இருக்கிறது." அவளுக்கு வேண்டியிருக்குமே என்று "இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்றேன். வலது கையின் விரல்கள் என்னோடு பேச்சை நிறுத்தி நெடுநேரம் ஆகியிருந்தது. பையின் வாய் மூடியது. முகுந்தன் வியாழக்கிழமை சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது, ஆனால் நாக்கு அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

பிறகு கத்ரின் எங்கள் மூவரையும் பார்த்து, மெதுவாக, ஆங்கிலத்தில் பேசினாள். "இங்கிருந்து திரும்பலாம். சுலபம். இதற்கு மேல் போய்விட்டால் இறங்குவதுதான் கஷ்டம், ஏறுவதே மேல். கிழவர் சொன்னது சரி, ஐஸ் மெல்லிசாக இருக்கிறது. எனக்கு எதுவானாலும் சம்மதம். போகலாமா, திரும்பலாமா?"

என்னைத்தான் முதலில் கேட்டாள். நான் முகுந்தனைப் பார்த்தேன். நண்பனும் அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளும் எனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். வந்த விருந்தாளி காலை வாரிவிடுவதா? "எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து, "நிஜமாகவா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டாளா என்று காத்திருந்தேன். அவள் அன்ரன் அண்ணை பக்கம் திரும்பினாள்.

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு "ஓம், போவம்" என்றார். முகுந்தன் எங்கள் இருவரையும் பார்த்தான். "சூப்பர்" என்றான்.

"நல்லது" என்று கத்ரின் கோடாலியை எடுத்தாள்.

அடுத்த பகுதியின் நடுவில், பாறைமேல் ஒட்டியிருந்த ஐஸில் வலது கோடாலியை அடித்தேன். பிடித்த மாதிரிதான் இருந்தது. எடையைக் கொடுத்தபோது ஐஸ் தகடாகப் பெயர்ந்து வந்தது. கால் வழுக்கியது. கயிறு என்னை இடுப்பில் உலுக்கி நிறுத்தியது. நான் தொங்கிக்கொண்டு என் வலது கையைப் பார்த்தேன். விரல்கள் மடங்கியே இருந்தன, ஆனால் உள்ளே கோடாலி இல்லை. அது நழுவியது எனக்குத் தெரியவே இல்லை.

கீழே பாறையில் இரும்பு மோதும் சத்தம், ஒரு தடவை, இன்னொரு தடவை. அதற்கப்புறம் முகுந்தனின் குரல்: "அம்மா!"

பதினெட்டு வயதிலிருந்து அவனைத் தெரியும், அந்தக் குரலை நான் கேட்டதில்லை.  செத்துவிட்டான், நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன்.

"ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை!" என்று அன்ரன் அண்ணை கீழிருந்து கத்தினார். "பக்கத்தாலை போட்டுது! படேல்லை!"

முகுந்தனின் ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பாறையில் மோதிப் போயிருக்கிறது. கத்ரின் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என்னை அண்ணை நின்ற திட்டுக்கு இறக்கினாள், பிறகு அவளும் இறங்கி வந்தாள். என் கையுறையைக் கழற்றி, வெளுத்துப்போன விரல்களைப் பார்த்துவிட்டு, தன் ஜாக்கெட்டைத் திறந்து அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு உயிர் வந்தது. அந்த வலிக்கு வெட்கமெல்லாம் பறந்துபோய் ஓவென்று அழுதேன். முகுந்தன் பாறையில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். 

நால்வரும் கயிற்றில் தொங்கித் தொங்கி இறங்கிக் கீழே வந்தோம். கோடாலி அடிவாரப் பனியில் ஒய்யாரமாகக் குத்தி நின்றது.

கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் நல்ல சூடு. மாவைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக வேகவைத்து, சீஸில் புரட்டி, மேலே முறுகலாக வதக்கிய வெங்காயம் போட்டுக் கொடுத்தார்கள். என் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. முள்கரண்டி பிடிக்க வரவில்லை, கையாலேயே சாப்பிட்டேன்.  பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். "அப்பிடிச் சாப்பிட்டால் ருசி கூடவோ எண்டு கேக்கிறார்" என்றார் அண்ணை.

"நான் கேட்டேனே" என்றாள் கத்ரின் திடீரென்று. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "டீ கேட்டேன். கையுறை கேட்டேன். திரும்பலாமா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றாயே?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர்தான் ஜெர்மனில் விளக்கினார். நடுநடுவே எனக்காகத் தமிழிலும் சொன்னார். "எங்கட ஆக்கள் ஒருக்கா கேட்டவுடனை ஓம் எண்டு சொல்லாயினம், பிள்ளை. ரெண்டாந்தரம் கேக்க வேணும். மூண்டாந்தரம் கேட்டால்தான் உண்மை வரும். எனக்கும் முழங்கால் ஏலாமல்தான் இருந்தது. இந்தத் தம்பி இந்தியாவிலயிருந்து வந்திருக்கிறார், அவற்றை ஆசையைக் கெடுக்கக் கூடாது எண்டு போவம் எண்டனான்."

"அண்ணே, நான் உங்க எல்லாருக்காகவும்தானே போனேன்!" என்றேன்.

அண்ணை அதையும் ஜெர்மனில் சொல்ல, கத்ரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அப்படியென்றால் மூன்று பேரும் திரும்பத்தான் நினைத்தீர்களா? மூன்று பேருமா?"

கேட்டுக்கொண்டே முகுந்தன் பக்கம் திரும்பினாள். அவன் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் நின்றது.

"உனக்கு மலையேறப் பிடிக்குமா?" என்று அவனைக் கேட்டாள். ஆங்கிலத்தில்தான், எங்கள் முன்னாலேயே.

"பிடிக்குமே. என்ன கேள்வி இது?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "உனக்கு மலையேறப் பிடிக்குமா?"

"பெரும்பாலும்" என்றான்.

அவள் அவசரப்படவில்லை. கடைக்காரப் பெண் வந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள். அண்ணை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நான் தெரிந்துகொள்ள வந்தது இதைத்தான், ஆனால் இப்போது அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை துளிகூட இல்லை.

"முகுந்தன். உனக்கு மலையேறப் பிடிக்குமா?"

"இல்லை" என்றான்.

பிறகு அவன் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை ஆனாலே சனிக்கிழமை மழை பெய்யாதா என்று பார்க்கத் தொடங்கிவிடுவேன் என்றான். முதன்முதலாகச் சந்தித்தபோது மலை பிடிக்குமா என்று கேட்டாய், பிடிக்கும் என்றேன், அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை என்றான். இன்று அந்த இரும்பு பக்கத்தில் விழுந்தபோது, அப்பாடா, இனிமேல் வர வேண்டியதில்லை என்றுதான் முதலில் தோன்றியது என்றான். அதைச் சொல்லும்போது தமிழுக்கு மாறிவிட்டான். பிறகு மறுபடி ஆங்கிலத்தில் சொன்னான்.

"ஆறு வருடம் என் கயிற்றைப் பிடித்திருக்கிறாய்" என்றாள் கத்ரின். "பயந்துகொண்டேவா?"

"ஆமாம். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை."

"அது எனக்குத் தெரியும்" என்று எழுந்து வெளியே போனாள். கண்ணாடி வழியே பார்த்தால் பனியில் ஜாக்கெட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் முகுந்தனை எழுப்பி அனுப்பப் பார்த்தேன். "விடுங்கோ தம்பி. குளிர்ந்தால் வருவா" என்றார் அண்ணை. வந்தாள். மூக்கு சிவந்திருந்தது, குளிரா, அழுதாளா என்று தெரியவில்லை.

"வீடு?" என்றாள் நின்றபடியே.

"எனக்கு வேண்டாம்." முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டான்.

"எனக்கு வேண்டும்" என்றாள் அவள். "திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடுவேன்."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நம் ஊரில் இப்படி ஒரு பேச்சு வந்தால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் முகுந்தன் "சரி" என்று தலையாட்டினான். எந்த நாட்களில் யார் எங்கே இருப்பது என்று இருவரும் அங்கேயே பேசத் தொடங்கினார்கள். அவன் வேலையை விடமாட்டானாம். வெள்ளி மாலை ரயிலில் வருவானாம். சனிக்கிழமை அவள் மலைக்குப் போனால் இவன் வீட்டில் தூங்குவானாம். எனக்கு அவர்கள் பிரிகிறார்களா, சேர்கிறார்களா என்றே விளங்கவில்லை. அண்ணையின் காதில் கேட்டேன். அவருக்கும் விளங்கவில்லை.

பேச்சு ஓய்ந்தது. கத்ரின் அவன் எதிரே உட்கார்ந்தாள். இந்த முறை ஜெர்மனில் கேட்டாள், தாழ்ந்த குரலில், இரண்டே சொல். அவன் அவள் முடிப்பதற்குள் "யா" என்றான்.

"என்னண்ணே கேக்கறா?" என்றேன்.

"அப்ப நான், எண்டு கேக்கிறா. நான் வேணுமோ எண்டு."

அவள் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அதையே மறுபடி கேட்டாள். "யா" என்றான். அப்போதும் அவள் நகரவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூட மாற்றாமல், மூன்றாவது முறையும் கேட்டாள். முகுந்தனுக்கு இந்த "யா" வர மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.